கடைக்குள் ஒரு பூக்கடை: இடம் கிடைத்தாச்சு, கல்லா யாருடையது?

"கடை முன்னாடி அந்த மூலை சும்மாதான் கிடக்கு. நீங்க பூ வச்சு வித்துக்கோங்க அக்கா. மாசாமாசம் ஏதாச்சும் பாத்துக் கொடுங்க."

இப்படி ஒரு பேச்சில் தொடங்கும் பூ வியாபாரம் சிங்கப்பூரில் புதிதல்ல. மளிகைக் கடை வாசலில் மாலைப் பெட்டி, பேரங்காடி நுழைவாயிலில் ரோஜா வாளிகள், பூஜைப் பொருள் கடையின் ஓரத்தில் மல்லிகைச் சரம், துணிக்கடைக்குள் பூங்கொத்து மேசை. எல்லாமே ஒரே யோசனைதான்: தனிக் கடை எடுக்கப் பணம் இல்லை, இன்னொருவர் கடையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடலாம்.

யோசனை நல்லதுதான். கடைக்காரருக்கு வாடகையில் ஒரு பங்கு கிடைக்கும், பூ வாங்க வந்தவர் பாலும் ரொட்டியும் வாங்கிப் போவார். பூ வியாபாரிக்கு முன்பணம், அலங்காரம், மின்சாரம், ஊழியர் என்று பல செலவுகள் குறையும்.

ஆனால் இத்தகைய ஏற்பாட்டில் பலரும் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு உள்ளன. வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் யாருடைய கல்லாவில் விழுகிறது? அந்த இடத்தைக் கொடுக்கக் கடைக்காரருக்கு உரிமை இருக்கிறதா?

ராபின்சன்ஸ் சொன்ன பாடம்

சிங்கப்பூரில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ் கடைத்தொகுதி, 2020 அக்டோபர் 30ஆம் தேதி தன் கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. கலைப்பு நிர்வாகிகள் பொறுப்பேற்றனர். அத்தகைய பெரிய கடைத்தொகுதிகளின் தளத்தில் நாம் பார்க்கும் பல மேசைகள் உண்மையில் வெவ்வேறு வணிகர்களுடையவை. பொருள் அவர்களுடையது, பல நேரங்களில் நிற்கும் விற்பனையாளரும் அவர்களுடையவர். ஆனால் பணம் கடைத்தொகுதியின் கல்லாவுக்குப் போகும். கமிஷனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மாதம் ஒருமுறை அல்லது இன்னும் தாமதமாகக் கொடுப்பார்கள்.

கடை நன்றாக ஓடும்வரை இதில் பிரச்சினை தெரியாது. கடை நொடித்துப்போனால்? நீங்கள் விற்ற பொருளின் பணம் உங்களுடையது என்று நினைத்திருப்பீர்கள். ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், நீங்கள் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர், அவ்வளவே. பிணை எதுவும் இல்லாத கடன்காரர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கே இப்படி என்றால், பக்கத்து மளிகைக் கடைக்கு? அங்கே கலைப்பு நிர்வாகிகூட வரமாட்டார். ஒரு காலை வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கும்.

இதைத் தவிர்ப்பது இன்று முன்பைவிடச் சுலபம். அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் தனி உரிமையாளராகப் பதிந்துகொள்ள ஓராண்டுக்கு ஆகும் செலவு 115 வெள்ளி. பெயர் விண்ணப்பத்துக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 100 வெள்ளி. பதிந்தால் நிறுவன அடையாள எண் கிடைக்கும். அதை வைத்து வங்கிக் கணக்கும் அதனுடன் இணைந்த பேநவ் கியூஆர் குறியீடும் பெறலாம். மேசையில் உங்கள் குறியீடு இருந்தால் பணம் நேராக உங்களுக்கு வரும். கடைக்காரருக்குரிய தொகையை நீங்கள் மாதக் கடைசியில் கொடுப்பீர்கள். யார் யாருக்குக் கடன் என்பது தலைகீழாகிவிடும்.

கடைக்காரர்கள் சிலர் இதை விரும்பமாட்டார்கள். "எல்லா விற்பனையும் எங்க கவுன்ட்டர்லதான் போகணும்" என்பார்கள். அப்படியானால் மாதம் ஒருமுறை என்பதை வாரம் ஒருமுறையாக மாற்றக் கேளுங்கள். தினசரி விற்பனைப் பட்டியலைக் கேளுங்கள். பூ வியாபாரி மொத்த வியாபாரிக்கு ரொக்கமாகவோ குறுகிய தவணையிலோ பணம் கொடுக்கிறார். விற்ற பணம் 45 நாள் கழித்து வந்தால் அடுத்த வாரப் பூவை எதை வைத்து வாங்குவது?

கமிஷனா, நிலையான வாடகையா?

தொடங்கும்போது கமிஷன் நல்லதாகத் தெரியும். "வித்தாத்தான் குடுக்கணும், விக்கலைன்னா ஒண்ணுமில்ல" என்ற நிம்மதி. ஆனால் பூவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதை ஒரு கணக்கு போட்டுத்தான் காட்ட வேண்டும். கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

ஒரு மாத விற்பனை 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பூ வாங்கிய செலவு, வாடித் தூக்கிப்போட்டதையும் சேர்த்து, 4,000 வெள்ளி. காகிதம், நாடா, நூல் 500 வெள்ளி. 25 விழுக்காடு கமிஷன் என்றால் 2,500 வெள்ளி. மிச்சம் 3,000. நாளுக்கு 10 மணிநேரம், மாதம் 26 நாள் நீங்களே நின்றால் மணிக்குச் சுமார் 11 வெள்ளி 50 காசு. கமிஷனுக்குப் பதில் நிலையான வாடகை 1,800 வெள்ளி என்றால் மிச்சம் 3,700.

மந்தமான மாதத்தில் விற்பனை 6,000 வெள்ளிக்கு இறங்குகிறது. செலவுகளும் அதே விகிதத்தில் குறைந்தால், கமிஷன் முறையில் கையில் நிற்பது 1,800 வெள்ளி. நிலையான வாடகையில் 1,500 வெள்ளி. இங்கே கமிஷன் உங்களைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

இப்போது பிப்ரவரி மாதம். விற்பனை 18,000 வெள்ளி! ஆனால் காதலர் தினத்துக்கு ரோஜாவின் மொத்த விலையும் ஏறிவிடும். பூச் செலவு விற்பனையில் பாதி, அதாவது 9,000 வெள்ளி என்று வையுங்கள். காகிதம், நாடா 900. கமிஷன் 4,500. மிச்சம் 3,600 வெள்ளிதான். நிலையான வாடகையில் அதே மாதம் 6,300 வெள்ளி நின்றிருக்கும்.

வேறுபாடு ஏன்? கமிஷன் விற்பனையின்மீது விழுகிறது, லாபத்தின்மீது அல்ல. பூ விலை ஏறும்போது உங்கள் லாப விகிதம் சுருங்குகிறது, கடைக்காரரின் பங்கு சுருங்குவதில்லை. வாடிய பூவின் நஷ்டமும் முழுக்க உங்களுடையது. வருமானம் பார்க்கும் மாதங்கள் ஆண்டில் மூன்றோ நான்கோதான் என்ற தொழிலில், அந்த மாதங்களிலேயே பிடித்தம் அதிகம் என்பது சின்ன விஷயம் இல்லை.

எனக்குத் தோன்றுவது இது: முதல் மூன்று மாதங்கள் கமிஷன், அதற்குப் பிறகு நிலையான வாடகை என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்வது பூவுக்குப் பொருந்தும். அல்லது கமிஷனுக்கு மாத உச்சவரம்பு. "வாடகை அல்லது கமிஷன், எது அதிகமோ அது" என்ற வாசகத்தை மட்டும் ஏற்க வேண்டாம். மந்தத்தில் வாடகை, மும்முரத்தில் கமிஷன் என்று இரண்டு பக்கமும் இடி.

பொருள், சேவை வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத சிறு வியாபாரி அதற்குப் பதியத் தேவையில்லை. ஆனால் கடைக்காரர் பதிந்தவராக இருந்தால் உங்களிடம் வாங்கும் இடக் கட்டணத்துக்கோ கமிஷனுக்கோ 9 விழுக்காடு வரி சேரும். 25 விழுக்காடு என்று பேசியது கையில் 27.25 ஆகிவிடும். "வரியோடயா, வரி இல்லாமலா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த மூலை உண்மையில் யாருடையது?

தொடக்கத்தில் சொன்ன பேச்சுக்கு வருவோம். "கடை முன்னாடி அந்த மூலை". கடை முன்னாடி என்றால் கடைக்கு உள்ளேயா, வெளியேயா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடைகளின் முன்னால் இருக்கும் நடைபாதை கடைக்காரரின் சொத்து அல்ல. அது பொது இடம். அங்கே பொருள் பரப்பி வைக்க அனுமதி வேண்டும், அனுமதித்த எல்லையைத் தாண்டவும் கூடாது. கடைக்காரர் தாராளமாகக் கொடுத்த மூலை அவர் கொடுக்கக்கூடியதே அல்ல என்பது, அதிகாரி வந்து வாளிகளை எடுக்கச் சொல்லும்போது தெரியவந்தால் பயனில்லை.

கடைக்கு உள்ளேதான் என்றாலும் கேள்வி முடியவில்லை. பெரும்பாலான கடைக்காரர்களும் வாடகைதாரர்களே. கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இடத்தை உள்வாடகைக்கு விடக்கூடாது, பிறரிடம் ஒப்படைக்கக்கூடாது என்ற நிபந்தனை கடைக் குத்தகைகளில் வழக்கமாக இருக்கும். கழகத்திடம் வாடகைக்கு எடுத்த கடையா, கடைக்காரர் சொந்தமாக வாங்கிய கடையா, தனியார் கடைத்தொகுதியா என்பதைப் பொறுத்து சம்மதம் தரவேண்டியவர் மாறுவார். சம்மதக் கடிதத்தின் நகலைக் கேட்பதில் தவறு ஏதும் இல்லை. "எங்களுக்குள்ள என்னங்க, கடிதம் எல்லாம் எதுக்கு" என்று அவர் சொன்னால், அவர் கேட்டிருக்கவே மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

குத்தகை எப்போது முடிகிறது என்பதையும் கேளுங்கள். கடைக்காரரின் குத்தகைக்கு இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி என்றால், நீங்கள் மூன்று ஆண்டுக்கு வாங்கிய குளிர்ப்பெட்டி எங்கே போகும்? கடையே கைமாறலாம். கோல்ட் ஸ்டோரேஜ், ஜயண்ட் கடைகளை மலேசியாவின் மேக்ரோவேல்யூ நிறுவனத்துக்கு விற்கப்போவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. எந்தக் கடையும் கைமாறலாம். புதிய உரிமையாளர் பழைய வாய்மொழி ஏற்பாட்டை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைக்காரர் வாடகை பாக்கி வைத்தால் இன்னொரு சிக்கல். நீதிமன்ற உத்தரவோடு கடையில் இருக்கும் பொருள்களைப் பறிமுதல் செய்யக் கட்டட உரிமையாளருக்குச் சட்டம் வழிவிடுகிறது. கடைக்குள் இருக்கும் உங்கள் குளிர்ப்பெட்டியும் அந்தப் பட்டியலில் ஏறிவிடலாம். மீட்க வழி உண்டு, ஆனால் உங்களுடையது என்று காட்ட வேண்டும். உங்கள் பெயரில் உள்ள ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கடைக்குள் அல்ல.

சட்டம் துணைக்கு வருமா?

சில்லறைக் கடை இடங்களின் குத்தகைக்கான சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்கீழ் கட்டட உரிமையாளரும் வாடகைதாரரும் பின்பற்ற வேண்டிய நடத்தை விதிமுறைகள் கட்டாயமாயின. சற்றுமுன் சொன்ன "எது அதிகமோ அது" வகை வாடகையை ஒதுக்கி, குத்தகைக் காலம் முழுதும் ஒரே கணக்கீட்டு முறை இருக்க வேண்டும் என்பது அந்த விதிமுறைகளின் முக்கிய அம்சம்.

ஆனால் அது தகுதிபெறும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு மேசை, மாதாமாதம் புதுப்பிக்கும் மூலை போன்ற ஏற்பாடுகள் அந்தக் குடையின்கீழ் வராது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்றால், அது கையாளும் வாடகைத் தகராறு குடியிருப்பு வீடுகளுக்கானது, கடைகளுக்கானது அல்ல. ஆக, கடைக்குள் கடை வைப்பவருக்கு உண்மையான பாதுகாப்பு அவர் கையில் இருக்கும் ஒப்பந்தம்தான். இரண்டு பக்கம் போதும். எந்த இடம், எத்தனை சதுர அடி, எவ்வளவு, எப்போது, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், இருவரில் ஒருவர் விலக எத்தனை வார முன்னறிவிப்பு. கடைக்குள் பூ விற்கும் உரிமை உங்களுக்கு மட்டும்தானா என்பதையும் சேருங்கள். நீங்கள் ஓராண்டு உழைத்துப் பழக்கிய வாடிக்கையாளருக்கு, அடுத்த ஆண்டு கடைக்காரரே பூ வரவழைத்து விற்கத் தொடங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது?

எந்தக் கடை பூவுக்கு ஒத்துவரும்?

ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கடை எல்லாம் பூவுக்கு நல்ல கடை ஆகிவிடாது. பழக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழுத்த வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். கார்னேஷன், ஆர்க்கிட் போன்ற பூக்கள் அந்த வாயு பட்டால் சீக்கிரமே சுருண்டு உதிரும். "எங்க பழப் பெட்டியிலயே வச்சுக்கோங்க, இடம் இருக்கு" என்பதை நன்றி சொல்லித் தவிர்ப்பதே நல்லது.

குளிரும் எல்லாப் பூவுக்கும் ஒன்றல்ல. ரோஜாவும் சாமந்தியும் உறைநிலைக்குச் சற்று மேலே, 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் நன்றாக இருக்கும். ஆர்க்கிட், அந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்கள் 10 டிகிரிக்குக் கீழே போனால் கறுத்துவிடும். கடையின் பானப் பெட்டியில் ஒரு தட்டு கேட்டு வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் பாதி பூ மறுநாள் குப்பைக்கு. இரவு கடை மூடியபின் மின்சாரம் ஓடுமா, குளிரூட்டி நிறுத்தப்படுமா என்பதும் கேட்க வேண்டியதே.

மல்லிகைக்கு நேரம்தான் எதிரி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை உட்படத் தமிழ்நாட்டுப் பூ இங்கே விமானத்தில்தான் வருகிறது. காலையில் மொட்டாகப் பறித்தது மாலையில் விரியத் தொடங்கிவிடும். விமானம் தாமதமானால் உங்கள் சரக்கு தாமதமாவதோடு நிற்காது, கெட்டும் போகும். சாமந்தி கேமரன் மலையிலிருந்து தரைவழியாக வரும், சற்றுத் தாங்கும். காலை 6 மணிக்குச் சரக்கு வரும்போது கடை 9 மணிக்குத்தான் திறக்கும் என்றால்? சாவி யாரிடம் என்ற கேள்வி இங்கே வருகிறது. அதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவர்கள் நடைபாதையில் பெட்டியோடு காத்திருக்க நேரும்.

கோவிலுக்குப் பக்கத்துக் கடை என்றால் செவ்வாய், வெள்ளி விற்பனை நிச்சயம். மார்கழி, ஆடி மாதங்களில் திருமண மாலைக்கு ஆள் வராது, ஆனால் அம்மன் கோவில் மாலைக்கு ஆடியில் தேவை ஏறும். 2026ஆம் ஆண்டின் பிப்ரவரியைப் பாருங்கள்: தைப்பூசம் 1ஆம் தேதி, காதலர் தினம் 14, சீனப் புத்தாண்டு 17. மூன்று வெவ்வேறு வாடிக்கையாளர்கள், மூன்று வெவ்வேறு பூ, ஒரே மேசை. அந்த மாதத்தில் கூடுதல் இடம் கிடைக்குமா என்று முந்திய அக்டோபரிலேயே பேசிவைத்தால்தான் நடக்கும். அதே வாரங்களில் கடைக்காரரும் தன் பண்டிகைச் சரக்குக்கு இடம் தேடுவார்.

வாளித் தண்ணீரையும் மறக்கக்கூடாது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகினால் தேசியச் சுற்றுப்புற அமைப்பு நடவடிக்கை எடுக்கும். அப்போது அபராதம் கடைக்காரருக்கா உங்களுக்கா என்று இருவரும் சண்டை போடுவதில் பயனில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது பூவுக்கும் நல்லது. ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் யாருடைய காப்புறுதி என்பதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்.

யார் தொடங்கலாம், யாரை வேலைக்கு வைக்கலாம்?

கணவன் அல்லது மனைவியின் வேலை அனுமதியைச் சார்ந்து இங்கே இருப்பவர்கள் கவனிக்கவும். "கடை அவங்களுது, நான் பூ மட்டும்தான் கட்டுறேன்" என்பது விலக்கு அல்ல. மனிதவள அமைச்சின் அனுமதி இல்லாமல் தொடங்கக்கூடாது. வியாபாரம் செய்பவருக்கான ஒப்புதல் கடிதத்துக்கு நிபந்தனைகள் உள்ளன, உள்ளூர் ஊழியர் ஒருவரை வைத்திருப்பதும் அவற்றில் அடங்கும்.

மாலை கட்டத் தெரிந்தவரை ஊரிலிருந்து அழைத்துவரலாம் என்ற எண்ணமும் சுலபத்தில் கைகூடாது. சேவைத் துறையில் சாதாரண வேலை அனுமதிச் சீட்டு பெறக்கூடிய நாடுகளின் வழக்கமான பட்டியலில் இந்தியா இல்லை. குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. கைக்கு ஆள் கிடைக்காமல் எவ்வளவு மாலை கட்ட முடியும் என்பதுதான் உங்கள் விற்பனையின் உண்மையான எல்லை.

வியாபாரத்தில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால், சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். இதைப் பலர் ஆண்டு முடிவில் கடிதம் வந்தபிறகே கவனிக்கிறார்கள்.

ஒப்பந்த வாசகம் புரியவில்லை என்றால், சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையில் கேட்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போங்கள். போகும்போது கடைக்காரரின் குத்தகை முடியும் தேதி, கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், கடை மூடியபின் குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் உண்டா என்ற பதில், மூன்றும் கையில் இருக்கட்டும். மூன்றில் ஒன்றைக்கூடக் கடைக்காரரால் தர முடியவில்லை என்றால், அந்த மூலைக்கு வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு கடையைப் பாருங்கள்.